விம் எடிட்டரைச் சொந்தமாக்கிக்கொள்வது: வெறும் விம்மிலிருந்து உங்கள் விம்ஆர்சி வரை ஒரு முழு வழிகாட்டி

இன்று ஒரு லினக்ஸ் சர்வரில் நுழைந்து 'விஐ' என்று தட்டினால் திறக்கும் டெக்ஸ்ட் எடிட்டரின் அடிப்படைக் கட்டளைகள் 1976-ஐ ஒட்டி உருவானவை. அப்போது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய் அதை எழுதினார். அவர் வீட்டிலிருந்து வேலை செய்தது 300 பாட் மோடத்தில். அதாவது திரையில் வினாடிக்குச் சுமார் 30 எழுத்துதான் வந்து விழும். அந்த வேகத்தில் மெனுவும் நீளமான கட்டளைகளும் சரிப்படாது. அதனால்தான் ஒரே எழுத்தில் ஒரு வேலை முடிகிறது. கர்சரை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் என்று நான்கு கீக்களை ஏன் வைத்தார் என்பதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு: அவருடைய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அந்த நான்கு கீக்களின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. இப்போது நம் கீபோர்டில் டேப் இருக்கும் இடத்தில் அதில் எஸ்கேப் இருந்தது. சுண்டுவிரலுக்கு எட்டும் தூரம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் 1988-ல் தன் அமிகா கணினிக்காக விஐ போன்ற ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். 1991-ல் அது விம் என்ற பெயரில் வெளியானது. 2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி இறக்கும்வரை அவர் அதைப் பராமரித்தார். அவர் மறைந்த ஐந்து மாதங்களுக்குள், 2024 ஜனவரியில், 9.1 பதிப்பை மற்றவர்கள் வெளியிட்டு அவருக்கே அர்ப்பணித்தார்கள். இதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆட்டம் எடிட்டர் இருக்கிறது: 2014-ல் கிட்ஹப் வெளியிட்டு, பலரும் ஆசையாகப் பயன்படுத்தி, 2022 டிசம்பரில் மூடப்பட்டது.

விம் நிலைத்ததற்கு நான் காணும் முக்கியக் காரணம், அதில் நீங்கள் பழகியதும் எழுதிவைத்ததும் வீணாவதில்லை என்பதுதான். பத்து வருடத்துக்கு முன் எழுதிய ஒரு செட்டிங் இன்றைய பதிப்பிலும் பெரும்பாலும் அப்படியே ஓடுகிறது. ஆகவே அதை நிதானமாக, ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று தெரிந்து அமைத்துக்கொள்வது நல்லது. அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை ஒற்றை மேற்கோளுக்குள் தமிழில் ஒலிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன். கீபோர்டில் அவற்றுக்குரிய ஆங்கிலச் சிற்றெழுத்துகளைத் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: எதையும் மாற்றாமல் சில நாட்கள்

உபுண்டுவில் இயல்பாக இருப்பது பல வசதிகள் நீக்கப்பட்ட சிறிய விம். முதலில் முழு விம்மை நிறுவுங்கள். பிறகு டெர்மினலில் 'விம்டியூட்டர்' என்று தட்டினால் அரை மணி நேரப் பாடம் ஒன்று திறக்கும். அதை முடித்துவிட்டு, உங்கள் அன்றாட வேலையை எந்த மாற்றமும் செய்யாத விம்மில் செய்யுங்கள். விம்மில் எழுதும் மோடு வேறு, கீக்கள் கட்டளைகளாக இயங்கும் மோடு வேறு. எழுதும் மோடிலிருந்து கட்டளைகளுக்குத் திரும்ப எஸ்கேப் அடிக்க வேண்டும். எஸ்கேப் தூரமாக இருந்தால் கண்ட்ரோலுடன் இடது சதுர அடைப்பை அழுத்தினாலும் அதே பலன் கிடைக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் செட்டிங்கில் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்வது இன்னும் வசதி.

இந்தக் கட்டத்தில் விளங்க வேண்டியது விம்மின் இலக்கணம். முதலில் வினை, அப்புறம் அது எதன்மேல் என்பது. 'டி' நீக்கும், 'சி' நீக்கிவிட்டு எழுதவிடும், 'ஒய்' நகலெடுக்கும். அதன் பின்னால் எந்த நகர்வையும் சேர்க்கலாம். 'டி டபிள்யூ' ஒரு சொல்லை நீக்கும். 'டி' தட்டி மேற்கோளுக்குள்ளே என்று சொல்ல 'ஐ'யும் மேற்கோள் குறியும் சேர்த்தால், மேற்கோளுக்குள் இருப்பது மட்டும் போகும்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரு வரியின் தொடக்கத்தில் கர்சர் இருக்கிறது. அந்த வரியின் நடுவில் மேற்கோளுக்குள் ஒரு பெயர் இருக்கிறது. கர்சரை அங்கே கொண்டுபோகத் தேவையில்லை. 'சி ஐ'யும் மேற்கோள் குறியும் தட்டினால் விம் தானே அந்த மேற்கோளுக்குத் தாவி, உள்ளே இருப்பதை நீக்கி, எழுதும் நிலைக்கு வந்து நிற்கும். புதுப் பெயரை எழுதி எஸ்கேப் அடியுங்கள். அடுத்த வரிக்குப் போய் ஒரு முற்றுப்புள்ளியைத் தட்டுங்கள். அங்கேயும் அதே மாற்றம் நடந்திருக்கும். கடைசி மாற்றத்தைத் திரும்பச் செய்யும் இந்தப் புள்ளிக் கட்டளை மட்டும் கைவந்துவிட்டால் பல பிளகின்களுக்கு (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்களுக்கு) அவசியமே இருக்காது.

இந்த நாட்களில் எது உங்களை எரிச்சலூட்டுகிறதோ அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அந்தத் தாள் தேவை.

படி 2: முதல் விம்ஆர்சி

விம் திறக்கும்போது படிக்கும் உங்கள் அமைப்புக் கோப்புதான் விம்ஆர்சி. வீட்டு ஃபோல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் '.விம்' ஃபோல்டரை உருவாக்கி அதற்குள் 'விம்ஆர்சி' என்ற கோப்பை வையுங்கள். வீட்டு ஃபோல்டரிலேயே நேரடியாக '.விம்ஆர்சி' என்று வைப்பவர்களும் உண்டு. அப்படி ஒன்று இருந்தால் விம் அதைத்தான் முதலில் எடுக்கும், '.விம்' ஃபோல்டருக்குள் இருக்கும் விம்ஆர்சியைப் படிக்காது. ஏதாவது ஒன்றை மட்டும் வைத்திருங்கள். உள்ளே வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். காரணம் கடைசிப் படியில் வரும்.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. 2016-ல் வந்த விம் 8-லிருந்து, பயனருக்கு விம்ஆர்சி இல்லாதபோது 'டிஃபால்ட்ஸ்' என்ற கோப்பை விம் தானே படிக்கிறது. நிறம் காட்டுவது, கோப்பு வகையைக் கண்டுபிடிப்பது, தட்டத் தட்டத் தேடுவது, கோப்பை மீண்டும் திறக்கும்போது பழைய இடத்துக்கே போவது எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. நீங்கள் வெறும் விம்ஆர்சி ஒன்றை உருவாக்கிய மறுநொடி அந்த 'டிஃபால்ட்ஸ்' கோப்பு படிக்கப்படாது. 'நான் ஒன்றுமே செய்யவில்லை, நிறம் எல்லாம் போய்விட்டது' என்று பலர் குழம்புவது இதனால்தான். எனவே முதல் வரி 'சோர்ஸ்' கட்டளையாக இருக்கட்டும்: 'சோர்ஸ்', ஓர் இடைவெளி, டாலர் குறியுடன் பெரிய எழுத்துகளில் 'விம்ரன்டைம்', சாய்வுக்கோடு, 'டிஃபால்ட்ஸ் புள்ளி விம்'.

அதன் கீழே, உங்கள் தாளில் இருப்பதைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேருங்கள். பெரும்பாலானோருக்குத் தேவைப்படுபவை இவை:

'செட் நம்பர்' வரி எண் காட்டும். 'செட் ரிலேட்டிவ்நம்பர்' கர்சரிலிருந்து எத்தனை வரி தள்ளி என்று காட்டும். '7 ஜே' போல எண்ணுடன் தாவுபவர்களுக்கு இது உதவும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

'செட் இக்னோர்கேஸ்', 'செட் ஸ்மார்ட்கேஸ்' இரண்டையும் சேர்த்தே வையுங்கள். சிற்றெழுத்தில் தேடினால் எல்லாம் கிடைக்கும். ஒரு பெரிய எழுத்தைச் சேர்த்தால் தேடல் கறாராகிவிடும்.

'செட் ஹிட்டன்' இருந்தால், சேமிக்காத கோப்பை விட்டு அடுத்த கோப்புக்குப் போகும்போது விம் தடுக்காது.

தீம், நிறம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். முக்காற்புள்ளி தட்டி 'கலர்ஸ்கீம்' என்று எழுதி இடைவெளி விட்டு டேப் அடித்தால் கூடவே வரும் தீம்கள் வரிசையாக வரும். கண்ணுக்கு இதமான ஒன்றை எடுத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

படி 3: அழியாத அன்டூ

விம்மில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இது. கணினியை அணைத்துவிட்டு மறுநாள் வந்தாலும் நேற்று செய்த மாற்றத்தை அன்டூ செய்யலாம். 2010-ல் வந்த 7.3 பதிப்பிலிருந்து இருக்கிறது, ஆனால் இயல்பாக அணைத்தே வைத்திருக்கிறார்கள்.

'செட் அன்டூஃபைல்' என்று ஒரு வரி. அடுத்து 'அன்டூடிர்' என்ற அமைப்பில், '.விம்' ஃபோல்டருக்குள் 'அன்டூ' என்ற ஃபோல்டரின் பாதை. இந்த இரண்டாவது வரியை விட்டுவிட்டால் நீங்கள் திருத்தும் ஒவ்வொரு கோப்புக்குப் பக்கத்திலும் ஓர் அன்டூ கோப்பு உருவாகி, ப்ராஜெக்ட் முழுக்கக் குப்பை சேரும். அந்த ஃபோல்டரை நீங்களே முன்கூட்டி உருவாக்க வேண்டும். அது இல்லையென்றால் அங்கே எதுவும் சேமிக்கப்படாது.

இதோடு நேரக் கட்டளையையும் பழகுங்கள். முக்காற்புள்ளி தட்டி 'ஏர்லியர் 10எம்' என்றால் கோப்பு பத்து நிமிடத்துக்கு முன் இருந்த நிலைக்குப் போகும். 'லேட்டர் 10எம்' திரும்பக் கொண்டுவரும். ஒரு வரம்பு உண்டு: கோப்பை இடையில் வேறு மென்பொருள் மாற்றியிருந்தால், உள்ளடக்கம் பொருந்தவில்லை என்று கண்டு விம் பழைய வரலாற்றைக் கைவிட்டுவிடும். கோப்புகளின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கருவியில் கிளை மாற்றும்போது இப்படி நேரலாம்.

படி 4: சொந்தக் கீக்கள்

நீளமான பத்திகளை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் நாலு வரியாக மடங்கித் தெரிந்தாலும் விம்முக்கு அது ஒரே வரி. 'ஜே' தட்டினால் பத்தியையே தாண்டிக் குதிக்கும். திரையில் தெரியும் அடுத்த வரிக்கு 'ஜி ஜே' தட்ட வேண்டும். இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் வேலை எளிதாகும்.

இதை 'என்மேப்' கொண்டு செய்தால் 'ஜே' என்பது 'ஜி ஜே' ஆகும், அது மறுபடி 'ஜே' ஆகும், இப்படியே சுற்றி கடைசியில் மேப் முடிவில்லாமல் போகிறது என்று பிழை வரும். 'என்நோர்மேப்' கொண்டு எழுதினால், வலப்பக்கம் இருப்பதை விம் அதன் அசல் பொருளிலேயே எடுத்துக்கொள்ளும். ஆகவே எப்போதும் 'நோர்' சேர்ந்த வடிவத்தையே எழுதுங்கள். விதிவிலக்கு வரும் நாளில் உங்களுக்கே தெரியும்.

சொந்தக் குறுக்குவழிகளுக்காகவே 'லீடர்' என்ற ஒரு கீயை விம் ஒதுக்கியிருக்கிறது. இயல்பாக அது பின்சாய்வுக்கோடு. பலர் இடைவெளிக் கட்டையை லீடராக வைத்துக்கொள்கிறார்கள். இரு கட்டைவிரலுக்கும் எட்டும் என்பதால் நானும் அதையே சொல்வேன். லீடரும் 'டபிள்யூ'வும் சேமிக்க, லீடரும் 'ஹெச்'சும் தேடல் நிறத்தை அணைக்க என்று இரண்டு மூன்றோடு தொடங்குங்கள். ஒரு வாரம் பயன்படுத்தாத குறுக்குவழியை நீக்கிவிடுங்கள்.

ஏதோ ஒரு கீ எதிர்பாராமல் நடந்துகொண்டால், முக்காற்புள்ளி தட்டி 'வெர்போஸ் மேப்' என்று எழுதி அந்தக் கீயைச் சேருங்கள். எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி அதை மாற்றியது என்று விம் சொல்லிவிடும்.

படி 5: மொழிக்கேற்ற அமைப்பு

அதே 'வெர்போஸ்' இங்கேயும் கைகொடுக்கும். விம்ஆர்சியில் 'ஷிஃப்ட்விட்த்' (வரியை எத்தனை இடைவெளி உள்ளே தள்ளுவது) 2 என்று வைத்திருக்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் சரியாக வருகிறது, பைத்தானில் மட்டும் நாலு இடைவெளி தள்ளுகிறது. 'வெர்போஸ் செட் ஷிஃப்ட்விட்த்' என்று எழுதிக் கேள்விக்குறி போட்டுப் பாருங்கள். விம்மோடு வரும் பைத்தானுக்கான கோப்பு உங்கள் மதிப்புக்குப் பின்னால் வந்து 4 என்று மாற்றியிருப்பது தெரியும். பைத்தான் சமூகம் ஏற்றுக்கொண்ட வழக்கம் அது, அப்படியே விடுவதுதான் நல்லது.

இருந்தாலும் மாற்ற வேண்டிய தேவை உங்களுக்கு இருக்கலாம். அப்போது '.விம்' ஃபோல்டருக்குள் 'ஆஃப்டர்', அதற்குள் 'எஃப்டிபிளகின்' என்று ஃபோல்டர்களை உருவாக்கி, மொழியின் பெயரில் ஒரு கோப்பு வையுங்கள். எல்லாம் படித்து முடித்த பிறகு விம் இதைப் படிக்கும், ஆகவே உங்கள் சொல்லே நிற்கும். இதற்குள் 'செட்' என்பதற்குப் பதில் 'செட்லோக்கல்' எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு பைத்தான் கோப்பைத் திறந்த பிறகு புதிதாகத் திறக்கும் மற்ற கோப்புகளிலும் அந்த அமைப்பு ஒட்டிக்கொள்ளும்.

படி 6: பிளகின்கள், குறைவாக

விம் 8-லிருந்து பிளகின் போட இன்னொரு மேலாண்மைக் கருவி அவசியமில்லை. '.விம்' ஃபோல்டருக்குள் 'பேக்', அதற்குள் உங்கள் விருப்பப் பெயரில் ஒன்று, அதற்குள் 'ஸ்டார்ட்'. இதற்குள் பிளகினின் கிட் ரெப்போவை (கிட் பராமரிக்கும் அதன் முழு ஃபோல்டரை) இறக்கினால் போதும். அடுத்த முறை திறக்கும்போது அது வேலை செய்யும். பிறகு 'ஹெல்ப்டேக்ஸ்' கட்டளையுடன் பெரிய எழுத்துகளில் 'ஆல்' என்று கொடுத்தால் அதன் உதவிப் பக்கங்களும் சேர்ந்துவிடும்.

நிரல் எழுதுபவர்களுக்கு முதலில் வேண்டியது மொழி சர்வரோடு, அதாவது நிரலைப் படித்துப் பிழைகளைச் சொல்லும் பின்னணி மென்பொருளோடு, பேசும் பிளகின். 2016-ல் மைக்ரோசாஃப்ட் தன் விஎஸ் கோடுக்காக உருவாக்கித் திறந்துவிட்ட, எடிட்டரும் மொழி சர்வரும் பேசிக்கொள்ளும் எல்எஸ்பி நெறிமுறை பழைய எடிட்டர்களுக்குப் பெரிய வரமாக அமைந்தது. அதற்கு முன் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகக் கருவி எழுத வேண்டியிருந்தது. இப்போது பைத்தானுக்கு ஒரு சர்வர், ரஸ்டுக்கு ஒரு சர்வர், அதை எந்த எடிட்டரும் பயன்படுத்தலாம். பிழைக் குறிப்பும் பெயர் மாற்றமும் வரையறைக்குத் தாவுவதும் 1976-இன் கீக்களோடு சேர்ந்து இயங்குகின்றன. 2014-ல் விம்மிலிருந்து பிரிந்த நியோவிம்மில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, அதை லுவா மொழியில் அமைக்கலாம். நவீன நிரலாக்கம்தான் உங்கள் முழு வேலை என்றால் அதையும் பாருங்கள். இதுவரை சொன்ன படிகளில் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

வேறொருவரின் 500 வரி அமைப்பை அப்படியே இறக்கிப் போடுவதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். அது உடைந்தால் எங்கே உடைந்தது என்று தேட உங்களிடம் நூல் எதுவும் இருக்காது.

படி 7: விம்மில் தமிழ்

தமிழில் எழுதுபவர்களுக்கு விம்மில் ஒரு தலைவலி உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் தமிழ் கீபோர்டைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எஸ்கேப் அடித்து ஒரு வரியை நீக்க 'டி டி' தட்டினால், தமிழ்99-இல் அந்தக் கீ 'உ' என்பதால் விம்முக்கு 'உஉ' என்றுதான் போய்ச் சேரும். அதற்கு அப்படி ஒரு கட்டளை தெரியாது. ஒவ்வொரு முறையும் கீபோர்டை மாற்றி மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

2001-ல் வந்த 6.0 பதிப்பிலிருந்தே இதற்கு 'கீமேப்' என்ற தீர்வு இருக்கிறது. சிஸ்டம் கீபோர்டு ஆங்கிலத்திலேயே இருக்கும். எழுதும் மோடில் மட்டும் விம் தமிழாக மாற்றும். எஸ்கேப் அடித்ததும் கீக்கள் மறுபடி கட்டளைகளாகிவிடும். விம்மோடு ஒரு தமிழ்க் கீமேப் வருகிறது, ஆனால் அது யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி குறியாக்கத்துக்கானது. ஆகவே நாமே ஒன்றை எழுதிக்கொள்வோம்.

'.விம்' ஃபோல்டருக்குள் 'கீமேப்' என்ற ஃபோல்டர், அதற்குள் 'தமிழ்99' என்பதை ஆங்கில எழுத்தில் பெயராகக் கொண்ட ஒரு விம் கோப்பு. முதலில் 'லோட்கீமேப்' என்று ஒரு வரி. அதன் கீழே ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் தட்டும் கீக்கள், வலப்பக்கம் வர வேண்டிய எழுத்து. 'ஹெச்' என்றால் 'க'. 'ஹெச் கியூ' என்றால் 'கா'. 'ஹெச் எஸ்' என்றால் 'கி'. 'ஹெச் எஃப்' என்றால் 'க்'. கிரந்த எழுத்துகளைச் சேர்க்காவிட்டால் மொத்தம் 247 வரி வரும், நாம் பள்ளியில் படித்த அதே 247. கையால் தட்டத் தேவையில்லை. மெய்களுக்கு ஒரு பட்டியல், உயிர்க்குறிகளுக்கு ஒரு பட்டியல் வைத்து, பைத்தானில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு 'ஃபார்' எழுதினால் ஒரு நொடியில் கோப்பு தயார். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் தானாகப் புள்ளி வைக்கும் தமிழ்99 வசதியை இதில் சேர்த்தால் வரிகள் பல மடங்காகும். புள்ளிக்கு 'எஃப்' தட்டிப் பழகிக்கொள்வதே எளிது.

பிறகு 'செட் கீமேப்' என்று அந்தப் பெயரைக் கொடுங்கள். எழுதும் மோடில் கண்ட்ரோலுடன் 6-ஐ அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறும். 'எஃப்' தட்டி ஓர் எழுத்துக்குத் தாவும்போதும், 'ஆர்' தட்டி ஓர் எழுத்தை மாற்றும்போதும் இதே கீமேப் செயல்படும். 'ஹெச்'சுக்குப் பிறகு அடுத்த கீ வருமா என்று விம் இயல்பாக ஒரு வினாடி காத்திருக்கும். மெதுவாகத் தட்டுபவர்களுக்கு 'கா' வருவதற்குப் பதில் 'கஆ' என்று விழலாம். 'டைம்அவுட்லென்' அளவை 3000 ஆக்கினால் சரியாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெர்மினல் திரை சம அளவுக் கட்டங்களால் ஆனது. 'கொ', 'கௌ' போல மெய்யின் இருபுறமும் குறி வரும் எழுத்துகள் சில டெர்மினல்களில் கலைந்து தெரியும், கர்சர் ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாக நிற்கும். விம் செட்டிங் எதுவும் இதைச் சரிசெய்யாது. தனிச் சாளரத்தில் திறக்கும் ஜிவிம் ஓரளவு பரவாயில்லை. உங்கள் வேலையில் பெரும்பகுதி தமிழ் எழுத்து என்றால் ஈமேக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரைப் பாருங்கள். அதுவும் 1976-ல் எம்ஐடியில் பிறந்ததுதான். தமிழ் உள்ளீட்டு முறைகள் அதனுடனேயே வருகின்றன, கண்ட்ரோலும் பின்சாய்வுக்கோடும் சேர்த்து அழுத்தினால் மாறும். 2020-ல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து, எழுத்துகளைச் சரியான வடிவில் அமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்துவதால் தமிழ் எழுத்து உருக்குலையாமல் தெரிகிறது.

படி 8: காப்பாற்றுவதும் கொண்டுபோவதும்

விம்ஆர்சியை '.விம்' ஃபோல்டருக்குள் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு கிட் ரெப்போ ஆக்கிவிடலாம். புதுக் கணினியில் ஒரே 'குளோன்' கட்டளையில் எல்லாம் வந்துவிடும். ஒவ்வொரு மாற்றத்தையும் தனிக் கமிட்டாக (கிட்டில் ஒரு பதிவாக) போட்டு, ஏன் சேர்த்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். பல வருடம் கழித்து அந்த வரி பெரிதாக உதவும்.

'அன்டூ' ஃபோல்டரை மட்டும் கிட் பார்க்காதபடி விலக்கிவிடுங்கள். ஒரு கோப்பில் பாஸ்வேர்டை எழுதிப் பிறகு அழித்திருந்தாலும் அது அன்டூ வரலாற்றில் அப்படியே இருக்கும். ரெப்போவைப் பொதுவில் வைத்தால் அதுவும் பொதுவுக்குப் போய்விடும்.

ஏதாவது உடைந்தால் முதலில் 'விம் --கிளீன்' என்று திறந்து பாருங்கள். அதில் உங்கள் அமைப்பு எதுவும் இருக்காது. அங்கே பிரச்சினை இல்லையென்றால் தவறு உங்கள் பக்கம். விம்ஆர்சியின் பாதியை கமெண்ட் ஆக்கிப் பாருங்கள், அப்புறம் அந்தப் பாதியில் பாதி. சில நிமிடங்களில் அந்த வரியில் வந்து நிற்பீர்கள். திறக்க நேரமாகிறது என்றால் '--ஸ்டார்ட்அப்டைம்' என்று எழுதி ஒரு கோப்புப் பெயரும் கொடுங்கள். எந்தக் கோப்பைப் படிக்க எத்தனை மில்லிவினாடி ஆனது என்று அதில் பதிவாகும்.

பலர் பகிரும் சர்வர் கணக்கில் உங்கள் விம்ஆர்சியைப் போடாதீர்கள், மற்றவர்கள் திண்டாடுவார்கள். அல்பைன் லினக்ஸ் போன்றவற்றில் இருப்பது பிஸிபாக்ஸின் சிறிய விஐ, அதில் உங்கள் அமைப்பில் பாதி ஓடவும் செய்யாது. அங்கே படி 1-இல் பழகிய அடிப்படைக் கட்டளைகளே போதுமானவை. பெரிய கோப்பாக இருந்து உங்கள் சொந்த வசதிகள் தேவைப்பட்டால், உங்கள் கணினியிலிருந்தே 'விம்' என்று எழுதி, 'எஸ்சிபி' முகவரியாக சர்வர் பெயரையும் கோப்பின் பாதையையும் கொடுங்கள். விம் அதை இறக்கி, உங்கள் அமைப்போடு திறந்து, சேமிக்கும்போது திரும்ப அங்கேயே ஏற்றிவிடும்.